அழைப்பு வந்தால் நின்றுவிடும் பாட்டு

மாமா இறந்த மறுநாள் முழுவதும் நான் அவர் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய போனில் பாட்டு நின்றுபோகும்போதெல்லாம் அதை மறுபடி ஓடவைப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குள் போக வேண்டிய வண்டிகள் எண்ணூர் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கும். சில நாள் அந்த வரிசையிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கி எழுவார். அப்படி நின்றிருந்த ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார். பின்னால் நின்ற டிரெய்லரின் டிரைவர் அவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். அவள் வந்து சேரும்வரை அடக்கம் செய்ய முடியாது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். குறுகலான படி, உடலை வைக்கும் ஐஸ் பெட்டியை மேலே ஏற்ற வழியில்லை. கீழ் வீட்டம்மா யாரும் கேட்பதற்கு முன்பே தன் முன்னறையிலிருந்த கட்டிலையும் டிவியையும் எடுத்து உள்ளே போட்டு இடத்தை ஒழித்துக் கொடுத்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவு என்றாலும் ஜெபமாலை நடத்துபவர் அவர்தான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஞானப்பாடல்கள் மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழ் வீட்டம்மாவின் மகன் திருவொற்றியூரில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து தன் போனில் பாட்டுப் போட்டான். இரண்டு பாட்டு நல்லபடியாகப் போயிற்று. மூன்றாவதற்கு முன்னால் ஒரு பெண் குரல் உற்சாகமாகப் பிரியாணிக்குத் தள்ளுபடி என்று அறிவித்தது. மாலையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பையனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

“அவரு போன்ல போடுங்க. அதுல வெளம்பரம் வராது. பொண்ணு காசு கட்டி வெச்சிருக்கா” என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அப்படித்தான் மாமாவின் போன் என் கைக்கு வந்தது. விளம்பரம் வரவில்லை. ஆனால் அழைப்புகள் வந்தன. பழைய போன் அது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். பேசி முடித்த பிறகு அது தானாகத் தொடராது. திரையைத் திறந்து, ஆப்பைத் தேடி, மறுபடி அழுத்த வேண்டும். இதைப் பற்றி மாமாவே என்னிடம் எத்தனையோ முறை நொந்துகொண்டிருக்கிறார். “வண்டி ஓட்டிகினு கீறப்ப போன் வந்தா, அப்புறம் ஊர் போய்ச் சேர்ற வரிக்கும் ஊமைப்படம்தான்டா” என்பார்.

முதல் அழைப்பு மாதவரத்திலிருந்து.

“இன்னா மாமு, ஆளையே காணோம்? லோடு ஏத்திகினு கீறாங்க. இந்தப் பக்கம் வந்தா ஒரு டீ அடிக்கலாம்.”

“அண்ணே, நான் அவரு மச்சான் பேசறேன். மாமா தவறிட்டாருண்ணே. நேத்து சாயங்காலம்.”

அந்தப் பக்கம் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அவர், “பேஜாரு பண்ணாதப்பா. போன அவராண்ட குடு” என்றார்.

“அவரு பக்கத்துலதாண்ணே உக்காந்துகினு கீறேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தேன். “தம்பி, பாட்டு நின்னுபோச்சு பாரு” என்று கீழ் வீட்டம்மா சொன்ன பிறகுதான் அறை அமைதியாக இருப்பது உறைத்தது.

அதன் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கன்டெய்னர் பெட்டி எப்போது வரும் என்று கேட்கிற யார்டு ஆள், டயர்க் கடைக்காரர், புளியந்தோப்பில் கூடப் படித்த தோஸ்து. நடுவில் பதிவு செய்த குரல் ஒன்று, கடன் வேண்டுமா என்று கேட்டது. அதற்கும் பாட்டு நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று தங்கள் அழுகையைத் தாங்களே கேட்டுக் கூச்சப்பட்டதுபோல் அடங்கினார்கள்.

செல்போன் கடைப் பையன் போனை வாங்கிப் பார்த்தான். செட்டிங்ஸில் என்னென்னவோ மாற்றினான். தன் போனிலிருந்து கூப்பிட்டுச் சோதித்தான். பாட்டு நின்றது, திரும்ப வரவில்லை. “மெமரி பத்தலண்ணா. கால் வந்தா ஆப்பே மூடிக்குது. நா ஒண்ணு பண்றேன். கால் வராம பண்ணிடறேன். பாட்டு நிக்காம ஓடும்” என்றான்.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதே சேதியைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வேணாம்பா” என்றாள் அக்கா. பெட்டியின் கண்ணாடி மேல் தலையைச் சாய்த்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவரக் கூப்புடறவங்களுக்கு யாருனா ஒருத்தரு பதில் சொல்லணும் இல்ல? அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு, ஏன் எடுக்கலன்னு அவுங்க எங்கனா கெடந்து தவிச்சிகினு இருக்கணுமா? அந்த மனுசன் ஒரு போனக்கூட எடுக்காம வுட்டது இல்ல. பாட்டு நின்னா நின்னுட்டுப் போவுது.”

அதற்குப் பிறகு நான் யாரிடமும் அவசரமாகப் பேசி வைக்கவில்லை. அவர்கள் பேசும்வரை கேட்டேன். வரிசையில் நிற்கும்போது மாமா எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வருவாராம். ஒருவருக்கு வண்டி ஓட்டவே அவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மாமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து லுங்கியோடு படுத்துக்கிடப்பவர்.

மதியத்துக்கு மேல் மாத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். டிரெய்லர்கள் நிறுத்துமிடத்தில் டிபன் கடை வைத்திருப்பவள்.

“டிரைவரண்ணன் போனுதானே? ஒடம்பு எப்பிடி கீதுன்னு கேக்கத்தான் அடிச்சேன். நேத்து காலைல இட்லிய அப்பிடியே வெச்சிட்டு எழுந்து போனாரு. மூஞ்சே சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போண்ணேன்னு சொன்னேன். வாய்வும்மா, ஒண்ணுமில்லன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு.”

நான் எழுந்து சந்துக்கு வந்து அவளிடம் சேதியைச் சொன்னேன். அவள், “ஐயோ, நான் வுட்டிருக்கக் கூடாது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முகவரி கேட்டாள். சொன்னேன். உள்ளே வந்த பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு முந்தின நாள் காலையிலேயே உடம்பு சரியில்லை என்பதை இப்போது இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் போனைக் கையில் எடுத்தேன்.

ஆப் முழுவதுமாக மூடிப் போயிருந்தது. திறந்து, முன்பு கேட்டவற்றின் பட்டியலில் எதையோ பார்க்காமலே அழுத்தினேன். ஞானப்பாடல் வரவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பழைய சினிமா டூயட், நட்டநடுவிலிருந்து, புல்லாங்குழலும் தபேலாவுமாகக் கிளம்பியது. அறையே திகைத்துப் போயிற்று. நான் பதறி நிறுத்தப் போனேன்.

மூலையில் நின்றிருந்த ஒருவர் முன்னால் வந்தார். மாமாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோன அதே டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. “இதாங்க, நேத்து வரிசைல கேட்டுகினு இருந்த பாட்டு. நான் அவரு வண்டியாண்டதான் நின்னுகினு இருந்தேன். ஆபீஸ்லர்ந்து போன் வந்திச்சி, பேசினாரு. வெச்சதும் பாட்டு நின்னுபோச்சின்னு திட்டினாரு. அப்புறம்தான் நெஞ்ச புடிச்சிகினாரு” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நிறுத்தாதடா. முழுசா ஓடட்டும்.”

நான் கீழ் வீட்டம்மாவைப் பார்த்தேன். சாவு வீட்டில் ஞானப்பாடலைத் தவிர வேறு எதையும் பொறுக்காதவர் அவர். கையிலிருந்த ஜெபமாலையை ஒரு முறை உருட்டினார். “முடியட்டும். அப்புறம் செபம் ஆரம்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பாட்டு முடியும்வரை அக்கா கண்ணாடிக்கு மேல் கையை வைத்திருந்தாள். நல்லவேளையாக, அதுவரை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் சந்து நிறைய ஆட்கள். நான் போனில் சொன்னவர்களில் பாதிப் பேராவது வந்திருப்பார்கள். வண்டிகளை எங்கெங்கோ நிறுத்திவிட்டு, தோளில் துண்டோடு, உள்ளே வரத் தயங்கி வெளியே நின்றார்கள். நான் அவர்கள் குரல்களை வைத்து முகங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கிய பெண்ணின் கையில் ஒரு பெரிய தூக்கு. மாத்தூர் டிபன் கடைக்காரி. நான் அவளைத் தனியாக அழைத்து, முந்தின நாள் காலையில் நடந்ததை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நினைத்தேன். அதற்குள் அவள் நேராக உள்ளே போய் அக்காவின் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் மாத்தூருக்கா. அண்ணன் என் கடைலதான் டிபன் துன்னுவாரு. நேத்து அவரப் புடிச்சி இழுத்துகினு போயிருக்கணும்கா. வாய்வுன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்.”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாண்டயும் அதையேதாம்மா சொன்னாரு” என்றாள். “நேத்து காலைல போன் பண்ணேன். ஏன் கொரலு ஒரு மாதிரி கீதுன்னேன். வாய்வுடின்னாரு. நானும் வெச்சிட்டேன். அத யாராண்ட சொல்றதுன்னு நேத்திலேர்ந்து தெரியாம உக்காந்துகினு கீறேன்.”

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, சின்ன வெங்காயச் சட்னி என்றால் மாமாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இருவருமே பேச ஆரம்பித்தார்கள். தூக்கைத் திறந்து அவள் ஓர் இட்லியைப் பிட்டு நீட்ட, அக்கா வாங்கி மென்றாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். காசிமேடு கல்லறைக்குப் போகும்போது சவப்பெட்டியைத் தூக்க எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. டிரைவர்கள்தான் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கடைசிவரை தூக்கி வந்தார்கள்.