ஷைனியின் தலைக்கு ஏறியது

ராயபுரத்தில் ஒரு பெண்ணுக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று பேர் வாங்க, அவள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தெருவில் யாராவது கூப்பிட்டு, அவள் நிற்காமல் போனால் போதும். சாயங்காலத்துக்குள் செய்தி சர்ச் வாசல் வரை போய்விடும்.

ஷைனி நிற்காமல் போனாள். அதுவும் கூப்பிட்டது யார்? வியாகுலம்மாள். கணவன் ஜெரியின் சொந்த அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்துவந்து தெருமுனையில் பலகை போட்டு விற்கிறவள். மற்ற மீன்காரிகள் நடுவில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். இவள் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாள்.

"பாத்தீங்களா, கண்ணு தலைக்கு மேல போய்ட்ச்சி" என்று வியாகுலம்மாள் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. அன்றைக்கு இருபது மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள், பாவம். திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் நர்ஸ். பதினான்கு வருஷமாக அதே வார்டு. அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவள் வராவிட்டால் இவள்தான் தொடர்ந்து நிற்க வேண்டும். அந்தப் புண்ணியவதி மாதத்தில் பாதி நாள் வருவதே இல்லை.

அன்றோடு வியாகுலம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் ஆகிறது. நின்றால் நிற்கட்டும் என்று விட முடியாது. பின்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷைனிக்கு வேலை தயாராக இருந்தது. அந்த ஊர்ப் பாஷைப் பரீட்சையில் முக்கால்வாசி தேறிவிட்டாள். ஆனால் முதல் வருஷம் தனியாகத்தான் போக வேண்டும். ஜெரி கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் ரோட்டில் கிடப்பவன். பத்து வயது ரேச்சலை யாரிடம் விடுவது? வியாகுலம்மாளைத் தவிர ஆளே கிடையாது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

"நீயே போய் அக்காகிட்ட பேசு. நா நடுவுல வந்தா ரெண்டு பேரும் சேந்து என்னியத்தான் மொத்துவீங்க" என்று ஜெரி கழன்றுகொண்டான். கெட்டிக்காரன்.

பாஷைப் பாடம் மதியம் மூன்றரைக்கு, செல்போனில். நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் இரும்பு அலமாரிக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பாள். சொல்லிக்கொடுப்பவர் ஹெல்வி, அறுபது வயதிருக்கும் பின்லாந்துக்காரி. பாதிப் பாடம் இங்கிலீஷில் நடக்கும். ஒருநாள் அவர், அகம்பாவம் பிடித்தவரை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். ஷைனிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண் தலைக்கு மேல் போய்விட்டது என்போம் என்றாள். அவளுக்கு இல்லாத அனுபவமா!

ஹெல்வி சிரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "எங்கள் ஊரில், மூத்திரம் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். கெட்ட பேச்சு. நீங்கள் சொல்லாதீர்கள், காதில் விழுந்தால் புரிந்துகொண்டால் போதும்."

ஷைனிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. எத்தனை நாள் ஆயிற்று இப்படிச் சிரித்து! "மேடம், எங்கள் வார்டில் அது நிஜமாகவே ஏறும்" என்றாள். "கிட்னி போனவர்களுக்கு வெளியே போக வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கி மூளையைக் கலக்கிவிடும். பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்கள்."

"அப்படியானால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்" என்றார் ஹெல்வி. அந்த ஊரில் யாரும் யாருக்கும் மேலே இல்லை என்பதைப் பெரிய விஷயமாக நினைப்பார்களாம். பெரிய டாக்டரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அங்கே போய் நான் அதைச் சாதித்தேன், இதை வாங்கினேன் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டால், ஏறிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிவிடுவார்களாம்.

"தெருவில் கூப்பிட்டு, நிற்காமல் போனால்?"

ஹெல்விக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அதில் என்ன இருக்கிறது? பேசாமல் இருப்பது எங்களுக்குச் சகஜம். களைப்பாக இருப்பாள் என்று விட்டுவிடுவோம்."

களைப்பாக இருப்பாள்! இந்த ஒரு வார்த்தையை இரண்டு மாதத்தில் ஒருத்தர் சொல்லவில்லையே. ஷைனி போனை அணைத்துவிட்டு, அலமாரியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வீராப்பு வந்தது. உலகத்தில் ஒரு நாடே தன் பக்கம் இருக்கிறது என்ற வீராப்பு.

அந்தத் தெம்பில் சனிக்கிழமை மதியம் வியாகுலம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் வாசலில் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நா வேணும்னு போவல. இருவது மணி நேரம் டூட்டி. நிக்க முடியல. இதப் போயி திமிருன்னு சொல்லிட்டீங்க. நா போற நாட்டுல பேசாம போறத யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, தெரியுமா?"

வியாகுலம்மாள் பிரஷைக் கீழே போட்டாள்.

"நா எத்தினி மணிக்கு எயுந்துக்கறேன்னு தெரியுமா உனுக்கு? ரெண்டு மணிக்கு. ஏலம் எட்த்து, ஐஸ்ல கைய வுட்டு, மதியம் வரைக்கும் குந்திகினு கீறேன். தோ பாரு." விரல்களை நீட்டினாள். நுனியெல்லாம் வெளுத்து, வெடித்துக் கிடந்தன. "அலுப்பு உனுக்கு மட்டுந்தானா? அந்த அலுப்போடதான் உன்ன கூப்ட்டேன். ரேச்சலுக்குப் புடிக்குமேன்னு வஞ்சிரத்துல நடுத்துண்டு எட்த்து வெச்சிகினு கூப்ட்டேன். நீ கைய ஆட்டிட்டுப் போற. மறுநா எவளோ மீன் வாங்க வந்தவ சொல்றா, உன் தம்பி பொண்டாட்டி ஃபாரின் போறாளாமேன்னு. நா பேந்த பேந்த முழிக்கிறேன்."

ஷைனி அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். சுமந்து வந்த நாடு எங்கே போயிற்றோ தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த விரல்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊசி குத்த நரம்பு தேடித் தேடி ஊரார் கையெல்லாம் பார்த்தவள்.

"ஏறிப்போச்சு அண்ணி" என்றாள்.

"இன்னா ஏறிச்சி?"

சொன்னாள். அந்த நாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே சொன்னாள். வியாகுலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்ய, கருமம்!" என்றாள். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அந்த ஊர்க்காரனும் நம்மாட்டம்தான் கீறான்."

சிரிப்பு அடங்கியதும் பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "கொயந்தைய வுட்டுட்டுப் போ. நா பாத்துக்கறேன். ஆனா ஞாயித்துக்கெயம போன் பண்ணணும். அலுப்பா கீதுன்னு கட் பண்ணக் கூடாது. அலுப்பா கீதுன்னாவது சொல்லிட்டு வையி. சொன்னாதான தெரியும்?"

ஷைனி தலையாட்டினாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி."

"இன்னா?"

"ரொம்ப அலுப்பா கீது."

வியாகுலம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தாள். "படு" என்றாள். பக்கத்தில் தனக்கும் ஒரு பாயை விரித்துக்கொண்டாள்.