செல்லரித்த பக்கத்தை அப்பா வாசித்த விதம்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே ‘சமையற்காரர்’ என்று இருப்பதைப் பார்த்து உங்களில் பலர் திகைத்திருப்பீர்கள். அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம், நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் அடித்திருக்கிறார்கள். அப்பா குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தார் என்றே உங்களுக்கெல்லாம் தெரியும். எங்களுக்கும் வெகுகாலம் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவர் இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவர் யாரோ அவராகவே உங்கள் முன்னால் நிற்கட்டும் என்று ஆசைப்படுகிறோம்.

அப்பா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து, படித்து, அந்தப் பேப்பரில் பஜ்ஜி மடித்த பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். தாத்தா இறந்தபோது அப்பா பத்தாம் வகுப்பு. படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார், இரண்டு அத்தைகளைக் கட்டிக் கொடுத்தார். அடுத்தடுத்து இரண்டு வருடம் சம்பா கருகியது. ஸ்டோர் கீப்பர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறினார். நானும் தம்பியும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அதன்பின் இருபது வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற மனிதராகத்தான் அப்பாவை எங்களுக்குத் தெரியும்.

லீவில் வந்தால் அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அம்மா வைத்ததைச் சாப்பிடுவார். அம்மாவின் சமையலைப் பற்றி உறவினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்ததே மூன்று குழம்பு, ஒரு ரசம், அந்த ரசமும் மனசு வந்தால்தான். அப்பா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த லீவுகளில் ஒன்றில் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. பையன் ஓட்டலில் சமையல் வேலை. “கரண்டி பிடிக்கிறவனுக்கா பொண்ணு குடுக்கறது? எங்க மாப்பிள்ளையப் பாருங்க, குவைத்துல ஸ்டோர் கீப்பரு” என்று பெரிய மாமா சபையில் சொன்னார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரிய மாமாவிடம் படித்துக் காட்டினேன். “சொன்னது நான்தானே, போடும்மா” என்றார். மாமாவின் பெருந்தன்மைக்கு நன்றி.

அப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்து, குவைத் பணத்தில் கட்டிய தஞ்சாவூர் வீட்டில் குடியேறினார். நாங்கள் அவரை மரியாதையாக நடத்தினோம், விருந்தாளியைப் போல. அவரும் அப்படியே இருந்தார். ஒருநாள் அம்மா பரண் மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். வாரப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சமையல் இணைப்புகள், புத்தகக் கண்காட்சியில் வாங்கியவை, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த தடித்த புத்தகம் ஒன்று. எதையும் யாரும் பிரித்துப் படித்ததில்லை. சும்மாதானே இருக்கிறீர்கள், இதில் ஏதாவது செய்து பாருங்கள் என்று அம்மா அப்பாவிடம் நீட்டினார்.

அப்படித் தொடங்கியவைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். மாதா கோயிலில் பூசை முடிந்து நான், என் கணவர், எங்கள் பெண்கள் எல்லாரும் அங்கே போய்விடுவோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரியில் விரல் வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கப் படிப்பார். ‘மிதமான தீயில் வதக்கவும்’ என்றால் மிதம் என்றால் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்பார். ஆனால் வெங்காயம் நறுக்கும்போது கண் புத்தகத்தில் இருக்கும், கத்தி பாட்டுக்கு ஓடும். என் பெண்கள் நூறு எண்ணி முடிப்பதற்குள் ஒரு கிலோ தீர்ந்துவிடும். காரணம் புரியாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிறு வட இந்தியச் சமையல் இணைப்பிலிருந்து கோஃப்தா செய்தார். ஆட்டுக்கறிக் கைமாவை உருட்டித் தயிர்க் குழம்பில் போடுவது. ‘தயிரை ஒரே தடவையில் ஊற்றாமல், கரண்டி கரண்டியாகச் சேர்க்கவும். ஒவ்வொரு கரண்டிக்கும் விடாமல் கிளறவும்’ என்று அவர் வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது. அப்படியொரு ருசியை நான் அதுவரை அறிந்ததில்லை. சென்னையில் இருக்கும் தம்பி மனைவிக்குக் குறிப்பை அனுப்பலாமென்று, சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கப் போனேன்.

பக்கத்தின் கீழ்ப்பாதியைச் செல் அரித்திருந்தது. கைமாவை உருட்டுவதோடு குறிப்பு நின்றுவிட்டது. தயிரே அதில் இல்லை.

மற்ற புத்தகங்களையும் புரட்டினேன். நாங்கள் சாப்பிட்டவற்றில் பாதி அவற்றில் இல்லை, இருந்தவையும் அப்படி இல்லை. ‘சேர்க்கவும்’, ‘கிளறவும்’ என்று அச்சுத் தமிழிலேயே தன் மனத்திலிருந்து வாசித்திருக்கிறார். இந்த மனிதர் யார் என்று மலைத்துப்போய் நின்றேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் சமைப்பதை நிறுத்திவிடுவார் என்று பயம். மூன்று வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி, டாக்டர்கள் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நிற்க முடியவில்லை. அந்த ஞாயிறு அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தினோம். கோஃப்தா செய்ய நான் அடுப்பைப் பற்றவைத்தேன், அவர் கையில் அதே புத்தகம். தயிர் ஊற்றும் கட்டம் வந்ததும், “படிங்கப்பா” என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“கரண்டி கரண்டியா ஊத்தும்மா. முந்நூறு பேருக்குச் செய்யறப்ப தயிர் திரிஞ்சுபோச்சுன்னா அத்தனை பேரும் பட்டினி.”

தொழிலாளர் முகாம் சமையற்கட்டில் இருபது வருடம் இருந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஏஜென்ட் சொன்ன வேலை அங்கே இல்லவே இல்லையாம். சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பத் தயங்கினார். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு மொத லீவுலயே தெரியும்ங்க. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச தழும்பு. ஸ்டோர்ல என்ன எண்ணெய் தெறிக்கும்?”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா அடுத்த லீவுக்கு வரமாட்டீங்களோன்னுதான்.”

அப்பா அழுதார். நாங்களும் அழுதோம். அன்று அவரால் இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. உப்பு சரியாக இருக்கிறது என்றார். பத்தாம் நாள் போய்விட்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், இறுதிவரை நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தன்று எங்களை அடுப்பு மூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

குவைத் முகாமில் அப்பா கையால் சாப்பிட்டவர்களில் நம் தஞ்சை, பேராவூரணிப் பக்கத்து ஆட்களும் உண்டு என்று அப்பா சொன்னார். அவர்களுக்குத்தான் பெரிய நன்றி. வீட்டில் நாங்கள் ஒரு வாய் கேட்காமல் விட்ட அத்தனை வருடமும், இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று அவரிடம் தட்டை நீட்டியவர்கள் நீங்கள். இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். அங்கே அவர் என்னவெல்லாம் செய்து போட்டார் என்று அம்மாவுக்கு உங்களிடம் கேட்க வேண்டுமாம்.