பச்சை ஜெர்சி, எண் ஒன்று

சட்டை வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், அளவைப் பார்ப்பார்கள். நான் முதலில் மோந்து பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய கால்பந்து ஜெர்சி என்று ஒருவர் நீட்டினால், கழுத்துப் பட்டியை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு. உண்மையான பழைய சட்டைக்கு அலமாரி வாசமும் பாச்சை உருண்டை வாசமும் இருக்கும். போன மாதம் தைத்துத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய போலிச் சரக்குக்கு வேறு வாசம். என் மனைவிக்கு இந்தக் காட்சியைக் கண்டாலே ஆகாது. "அசிங்கமா இருக்கு லா. யாரோ எவனோ வேர்வைய போய் மோந்துக்கிட்டு" என்பாள்.

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பது என் வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு இந்த ஜெர்சிகள், ஆட்ட நாளில் அரங்க வாசலில் விற்ற சின்னப் புத்தகங்கள், பாதி கிழித்த டிக்கெட்டுகள். வாலிபத்தில் நானும் பந்து ஆடிக் கோல் போட்டவன்தான். வாங்குவேன், கொஞ்ச நாள் வைத்து அழகு பார்ப்பேன், பிறகு ஏலத்தில் விட்டு வேறொன்று வாங்குவேன். வீட்டில் ஓர் அறை முழுக்க இதுதான். விருந்தாளி வந்தால் கூடத்தில்தான் படுக்க வேண்டும். வந்தவர்கள் மறுபடி வருவது குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

ஏலம் நடப்பது ஜார்ஜ் டவுனில், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்காரர் பாய்தான் ஏலத்தையும் நடத்துகிறார். அவருக்கும் கால்பந்துப் பைத்தியம் முற்றிய கேஸ். சுத்தியல் கிடையாது. தே தாரேக் டீ ஊற்றும் கண்ணாடிக் குவளையில் கரண்டியால் மூன்று தட்டு. மூன்றாவது தட்டு விழுந்தால் சாமான் போயாச்சு. கீழிருந்து மீன்தலைக் கறி வாசம் ஏறி வரும். முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரு பழைய காலுறைக்கு உயிரைக் கொடுத்துப் போட்டி போடுவோம். இதைவிடச் சந்தோஷமான இடம் பினாங்கில் எனக்குத் தெரியாது.

அந்த மாடிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர் முன்னால் போய் நின்று, தன் சாமானை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது தட்டு விழும்வரை இறக்கக் கூடாது. எல்லோரும் பார்க்கத்தான் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இரண்டு கையும் சாமானில் மாட்டியிருந்தால் சொந்தச் சரக்குக்குத் தானே கை தூக்கி விலை ஏற்ற முடியாது என்பதுதான் பாயின் கணக்கு.

போன வருஷம் நிபோங் திபாலில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த ஆட்டங்களுக்குச் சாமான் பார்த்துக்கொண்டவர். ஒரு சாக்கு நிறைய ஜெர்சிகளைக் கொடுத்தார். பாதியைப் பூச்சி தின்றிருந்தது. ஒன்று மட்டும் தேறியது. கோல்கீப்பர் போடும் பச்சை ஜெர்சி, முழங்கையில் பஞ்சு வைத்தது, முதுகில் வெள்ளை ஒன்று. நெஞ்சில் இருந்த கம்பெனிப் பெயர் உரிந்து உதிர்ந்துவிட்டது. மோந்து பார்த்தேன். அசல்.

ஒரே ஒரு குறை. இரண்டு விலாப் பக்கமும் உள்ளே மடித்து, சிவப்பு நூலால் யாரோ கையால் தைத்துச் சட்டையைச் சின்னதாக்கியிருந்தார்கள். கையையும் மடித்துத் தைத்திருந்தார்கள். எங்கள் உலகத்தில் இப்படி வெட்டித் தைத்து மாற்றிய சட்டைக்கு மதிப்புக் குறைவு. பிற்பாடு எவனோ ஒரு பள்ளிக்கூடப் பையன் போட்டுத் திரிந்திருப்பான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நான்தான் நிபுணன் ஆயிற்றே. ஒரு சாயங்காலம் பிளேடை எடுத்து உட்கார்ந்து, அந்தச் சிவப்புத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, இஸ்திரி போட்டு, சட்டையைப் பழையபடி ஆக்கினேன். மனைவி கூடத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டினால் மூக்கைப் பொத்துவாள் என்று காட்டவில்லை.

ஏல நாளன்று அவளும் என்னோடு காடியில் ஏறி வந்தாள், முடிந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்று. வழக்கமாக அவள் கீழேயே சாப்பிட்டுக்கொண்டு இருப்பாள். அன்றைக்குக் கீழே மேசை ஒன்றும் காலி இல்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த ஐஸ் தே பொட்டலத்தை விரலில் மாட்டிக்கொண்டு மாடிக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

என் முறை வந்தது. முன்னால் போய்ச் சட்டையைத் தூக்கிப் பிடித்தேன், சட்டையின் முதுகு கூட்டத்தைப் பார்த்தபடி. விலை நூறு வெள்ளியில் ஆரம்பித்தது. பட்டர்வொர்த்தில் பஸ் ஓட்டும் ஒருவர் இருக்கிறார். கோல்கீப்பர் சட்டைகள் மட்டுமே சேர்ப்பவர். அவர் இருந்தால் மற்றவர்கள் கொஞ்ச நேரம் சீண்டிவிட்டு விட்டுவிடுவார்கள். நூற்று எண்பதுக்கு அவர் கை தூக்கினார். எதிர்க்கை இல்லை. பாய் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இருநூறு" என்றது ஒரு பெண் குரல்.

குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். சட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். ஐஸ் தே பொட்டலம் தரையில் கொட்டிக் கிடந்தது.

"அக்கா, கையை இறக்குங்க" என்றார் பாய். "வூட்டுக்காரர் விக்க, வூட்டம்மா ஏத்த, அந்தச் சோலி நம்ம மாடியில கெடையாது லா."

"நான் ஏத்தல பாய். அது என் சட்டை."

நாற்காலிகள் கிறீச்சிட, எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கடலுக்கு அந்தக் கரையில், நிபோங் திபால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள் என்பது தெரியும். பெண்கள் அணியில் பந்து விளையாடினாள் என்பதும் தெரியும். ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஆள் குறைந்த நாளில் ஓரமாக நிற்க வைத்திருப்பார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, "பந்து வந்தா கண்ணை மூடியிருப்பே" என்று கேலி பண்ணியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கம்பெனியில எங்களுக்குன்னு புதுசா தைக்கல" என்றாள் பாயைப் பார்த்து. "ஆம்பளைங்க போட்ட சட்டையைத்தான் கொடுத்தாங்க. எனக்கு அதுல ரெண்டு பேர் நுழையலாம். ஹாஸ்டல்ல சிவப்பு நூல்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் புடிச்சுத் தச்சேன், கையையும் மடிச்சுத் தச்சேன். முழங்கைப் பஞ்சையும் முதுகுல அந்த ஒண்ணையும் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. உள்பக்கம் திருப்பிப் பாருங்க."

பாயும் பஸ்காரரும் வந்து, நான் தூக்கிப் பிடித்திருந்த சட்டையின் உட்புறத்தை விரலால் தடவினார்கள். விலா நெடுக ஊசி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அக்குள் மூலையில் என் பிளேடுக்குத் தப்பிய சிவப்பு நூல் ஒரு விரற்கடை ஒட்டிக்கொண்டிருந்தது.

"தச்சது சரிதான் அக்கா" என்றார் பஸ்காரர். "ஆனா தையலைக் காணோமே."

"அதானே! எந்தக் கிறுக்கன் அதைப் பிரிச்சான்?"

இரண்டு கையும் மேலே மாட்டியிருந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூட வழியில்லை. முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. பார்வையை மறுபடி சட்டைக்குக் கொண்டுபோனாள், அவ்வளவுதான். விற்கவில்லை பாய், சட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அது எப்படி தம்பி? ஏலம் ஆரம்பிச்சு ஒரு தட்டும் தட்டியாச்சு. நம்ம எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

நியாயம்தான். அந்தச் சட்டத்தை மற்றவர்கள் மீறியபோது அதிகமாகக் கத்தியவன் நான். எல்லோரும் பஸ்காரரைப் பார்த்தார்கள். அவருக்கும் தர்மசங்கடம். இந்த மாதிரி ஒரு சட்டைக்கு நாலு வருஷமாக அலைந்தவர்.

"அக்கா சொல்றது பொய்யின்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நானும் முறையாத்தானே கேட்டேன்? சும்மா விட்டுக் கொடுத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. கீப்பர் சட்டை கீப்பர்கிட்டதான் இருக்கணும், அதை ஒத்துக்கிறேன். மூணு பெனால்ட்டி. ரெண்டைத் தடுத்தீங்கன்னா சட்டை உங்களுக்கு. இல்லாட்டி நான் நூத்தெண்பதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போறேன். சம்மதமா, போலே?"

"போலே" என்றாள் என் மனைவி, யோசிக்காமல்.

அதன் பிறகு அங்கே யாருக்கும் ஏலம் ஞாபகம் இல்லை. கூட்டம் முழுவதும் படியில் தடதடவென்று இறங்கிப் பின்சந்துக்குப் போனது. கடைக்குப் பின்னால் கிடந்த இரண்டு காலி கேஸ் சிலிண்டர் தோம்புகளை உருட்டி வந்து கோல் கம்பமாக வைத்தார்கள். பந்துக்கா பஞ்சம்? எங்கள் ஆட்களில் எவன் காடியைத் திறந்தாலும் ஒன்று கிடக்கும். சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்தார்கள். பாய் சட்டையை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் அதைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். நான் தையலைப் பிரித்த புண்ணியத்தில் அது தொளதொளவென்று தொங்கியது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், துப்பட்டாவை என் தோளில் போட்டாள்.

முதல் பந்து. பஸ்காரர் வலது பக்கம் அடித்தார். அவள் நகர்வதற்குள் பந்து தோம்பை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கூட்டம் "அய்யோ" என்றது. இருபத்து நாலு வருஷமாகப் பந்தைத் தொடாதவள், ஐம்பதை நெருங்குகிறவள், வேறென்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ உள்ளங்கைகளில் துப்பித் தேய்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நின்றாள். அந்த நிற்கும் விதத்தைப் பார்த்ததும் மாடியில் நான் கட்டி வைத்திருந்த நிபுணத்துவமெல்லாம் போய்விட்டது. ஓரமாக நின்றவள் அப்படி நிற்க மாட்டாள்.

இரண்டாவது பந்து நெஞ்சு உயரத்துக்கு வந்தது. இரண்டு கையாலும் குத்தித் தள்ளினாள். அது எதிர்ச் சுவரில் மோதி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய் விழுந்தது. சந்து முழுவதும் ஒரே கூச்சல். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன்.

பஸ்காரர் பந்தைத் துடைத்து எடுத்துவந்து, என் காலடியில் வைத்தார். "மூணாவதை நீங்க அடிங்க அண்ணே. தையலைப் பிரிச்சது நீங்கதானே?"

கூட்டம் குதூகலித்தது. கோல் போட்டால் அவள் சட்டை பட்டர்வொர்த்துக்குப் போய்விடும். மெதுவாகத் தட்டிவிட்டால் போச்சு, யாருக்குத் தெரியப்போகிறது? அந்த எண்ணம் வந்ததை அவள் என் முகத்தில் படித்துவிட்டாள்.

"இந்தாங்க, சும்மா தட்டி விட்டீங்கன்னா எனக்குச் சட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒழுங்கா அடிங்க."

அடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் செய்த மரியாதைகளில் அதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. நாலடி பின்னால் போய், ஓடிவந்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, இடது மூலைக்குத் தாழ்வாக அடித்தேன். நல்ல அடி. கால் பட்டபோதே பந்து உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவள் நான் அடிப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தாள். சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்தாள். பந்து அவள் வயிற்றோடு அணைந்து கிடந்தது.

நான்தான் முதலில் ஓடினேன். முழங்கை எரிகிறது என்றாள், பஞ்சு வைத்த இடம் காப்பாற்றியிருந்தது. பஸ்காரர் சிரித்தபடி இரண்டு கையையும் கூப்பினார். பாய் எங்கிருந்தோ குவளையையும் கரண்டியையும் கொண்டுவந்து மூன்று தட்டுத் தட்டினார். இடது மூலைக்குத்தான் அடிப்பேன் என்று எப்படித் தெரியும் என்று அவளைத் தூக்கிவிட்டபடியே கேட்டேன்.

"எப்படித் தெரியுமா? இருபத்தி நாலு வருஷமா சோறு போடும்போதெல்லாம் நீங்க போட்ட கோலைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாம் இடது மூலைதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. என்னுடைய ஒவ்வொரு ஆட்டமும் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய ஒரு ஆட்டத்தின் முடிவுகூட எனக்குத் தெரியாது.

கோயில் நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டதால் நேரே வீட்டுக்குக் கிளம்பினோம். அவள் சட்டையைக் கழற்றவில்லை. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காடிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முதல் ஆட்டம் யாரோடு என்று கேட்டேன். உண்மையாகவா கேட்கிறீங்க என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கையில் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். மழையில் நடந்த ஆட்டம், எதிரணியில் ஓர் உயரமான பெண், நடுவரின் ஊதல் தொலைந்துபோனது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பாயான் பாருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பாமல் நேராக ஓட்டினேன். அவள் அப்போதுதான் அரையிறுதிக்கு வந்திருந்தாள்.