ஏழு தலைமுறைக்கான மண்

திருப்பதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு கூட்டம். நானும் எழுந்து பேசினேன். வருங்காலச் சந்ததிக்கு எதை விட்டுப் போகப் போகிறோம் என்று கேட்டபோது குரல்கூடத் தழுதழுத்தது. கை தட்டினார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் காலை விஜயபுரத்தில் எங்கள் நிலத்தில் நின்றிருந்தேன். போர் போடும் லாரி வந்திருந்தது. பழைய போர் வறண்டுவிட்டது, அதைவிட ஆழமாக ஒன்று போட்டுக் கரும்பு நடலாம் என்பது என் கணவரின் திட்டம். எனக்கும் சம்மதம்தான். பக்கத்து நிலத்து அக்காவின் போர் எங்கள் வரப்பை ஒட்டியே இருக்கிறது. நாங்கள் ஆழம் போனால் அது வறண்டுவிடும் என்பது எனக்கும் கணவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சமாளித்திருப்பேன், எனக்கும் வாய் நீளம். அவள் வரப்பில் நின்று, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி எங்கள் பக்கம் தூற்றினாள்.

"என் தண்ணிய உறிஞ்சறவங்க வம்சம் ஏழு தலைமுறைக்கும் தொண்டை காஞ்சிக்கினு அலையட்டும்!"

திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம்கூடக் கட்டாதவள் நான். ஆனாலும் லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் என் ஒரே மகளுக்கு போன் போட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குப் புள்ளையே வேணாம்னு போன பொங்கலுக்கே சொன்னேன் இல்ல? நீ ஒண்ணு, நான் ரெண்டு. மிச்சம் அஞ்சு தலைமுறைக்கு அந்தப் பெரிம்மா யாரைத் தேடுவாங்க?"

போனை வைத்த பிறகு எரிச்சல்தான் அதிகமானது. வரப்போவதே இல்லாத பிள்ளைகளுக்காக நான் ஏன் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்? கூட்டத்தில் சந்ததி சந்ததி என்று பேசியபோது மனதில் ஒரு முகம்கூட இல்லை. மண் வந்து விழுந்த பிறகுதான் பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று ஒவ்வொருவராகக் காலிக் குடத்தோடு கண்முன் நின்றார்கள். இது அக்கறையா, வெறும் பயமா? அக்கறை என்றால் அக்காவின் பேரப்பிள்ளைகளும் சந்ததிதானே? அவர்கள் இப்போதே பிறந்து, அந்தப் போர்த் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்து என் குரல் ஏன் தழுதழுக்கவில்லை? உட்கார முடியவில்லை. லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கடைசியில் வரப்புக்குப் போனேன். "அக்கா, சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கிக்க."

"மொதல்ல வண்டி போவட்டும்."

கணவர் முறைத்தார். "இன்னாடி இது? ஒரு பிடி மண்ணுக்குப் பயந்துகினு…"

"ஆமா, பயந்துட்டேன். வண்டிய அனுப்பு."

லாரி போனது. அக்கா என் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள். "உன் பேரனும் அவன் பேரனும் வயிறு குளிரத் தண்ணி குடிச்சிக்கினு நல்லா இருக்கட்டும்மா" என்றாள். அப்படி யாரும் வரப்போவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும் வழியில் கணவர் பொறுமினார். "கரும்பு போச்சு. மழைய நம்பிக்கினு அந்த நெலத்துல இன்னா போடப் போற?"

"கொள்ளு" என்றேன். "ஓரமா கொஞ்சம் எள்ளு."

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து, அவர் வண்டியை விரட்டினார்.