பத்துச் சீட்டின் பெறுமதி முப்பத்தொரு டொலர்

குணரத்தினம் லாசால் பகுதியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். கணக்கென்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தக்காளி வாங்கினாலும் பெருக்கிப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு தொகையை மட்டும் இரண்டு வருடமாக வாய் திறக்காமல் வைத்திருந்தார்.

மகள் கஜந்தினியின் கல்யாணத்துக்கு, பக்கத்து மெஷினில் நிற்கும் ஆனந்தராசா என்வலப்புக்குள் காசு வைக்கவில்லை. சுரண்டிப் பார்க்கும் லொத்தர் சீட்டு, ஐந்து டொலர்ப்படி பத்து வைத்திருந்தார். ஒன்பதில் ஒன்றுமில்லை. பத்தாவதில் எட்டாயிரம் விழுந்தது. மண்டபக் கடன் அதோடு தீர்ந்தது. ஆனந்தராசாவுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பாதி கேட்பாரோ என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்தான், வேறென்ன!

இப்போது ஆனந்தராசாவின் மகன் மிதுசனுக்குக் கல்யாணம். நம்மவர்களிடம் ஒரு முறை உண்டு. என்வலப்பில் வந்ததைக் கொப்பியில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேசத்துக்குக் கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனந்தராசாவின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது? குணரத்தினம் லொத்தர் இணையத்தளத்தைத் திறந்தார். ஒவ்வொரு பரிசையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, அச்சடித்த மொத்தச் சீட்டால் பிரித்தார். சீட்டு ஒன்றுக்குச் சராசரி மூன்று டொலர் பத்துச் சதம். பத்துக்கு முப்பத்தொன்று.

“தந்த நேரத்தில அதின்ர பெறுமதி முப்பத்தொண்டுதான். நாங்கள் நூற்றியொண்டு வைச்சால் தாராளம்” என்றார்.

மனைவி யோகராணி அரிசி களைந்தபடியே கேட்டாள்: “இந்தக் கணக்கை அவரிட்டைக் காட்டுவியளோ?”

அது சுருக்கென்று தைத்தது. கஜந்தினியின் கல்யாணத்துக்குப் பிறகு ஆனந்தராசா சாப்பாட்டு நேரத்தில் அவரோடு இருப்பதில்லை. பரிசு விழுந்த விஷயம் தெரிந்துவிட்டது, அதுதான் முகம் கொடுக்கிறாரில்லை என்று குணரத்தினம் நினைத்திருந்தார். பதினெட்டு வருடச் சிநேகிதம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் மதியம் கணக்கெழுதிய தாளோடு அவர் முன்னால் போய் இருந்தார்.

ஆனந்தராசா தாளைப் பார்த்தார். “முப்பத்தொண்டோ? நீங்கள் ஒண்டும் கதைக்காத படியால் பத்தும் வெறும் கடதாசி எண்டெல்லோ நினைச்சன். அந்தக் கிழமை என்னட்டை ஐம்பது டொலர்தான் இருந்தது அண்ணை. அதை வைக்க வெட்கம். சீட்டெண்டால் கூட விழுந்தாலும் விழும் எண்டு அதை வாங்கினன். பேந்து உங்கட முகத்தில முழிக்கவே கூச்சமாப் போச்சு.”

குணரத்தினம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “விழுந்தது, ராசா. எட்டாயிரம்.”

ஆனந்தராசா கரண்டியைக் கீழே வைத்தார். பாதி கேட்கப்போகிறார் என்று குணரத்தினம் எண்ணினார். கேட்டால் கொடுப்பது என்றும் முடிவெடுத்துவிட்டார்.

“ஒரு உதவி செய்யுங்கோ அண்ணை. கல்யாண வீட்டுக்குக் கடதாசி குடுத்த மனிசன் எண்டு வீட்டில ரெண்டு வருஷமா எனக்கு ஏச்சு. ஒருக்கா வந்து, இதை என்ர மனிசிக்கு உங்கட வாயால சொல்லுங்கோ.”

நாலாயிரம் கேட்டிருந்தால் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பியிருப்பார். அன்று பின்னேரம் ஆனந்தராசாவின் காரிலேயே வில்லரேயில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஆனந்தராசாவின் மனைவி “வாங்கோ அண்ணை” என்று சொல்லி முடிக்கவில்லை, குணரத்தினம் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.