ஸ்டோர் அணையில் அப்பா படகு விட்டது

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கடல் என்றால் எங்களுக்கு, தாத்தா இந்தியாவிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டே தாண்டி வந்த இடம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை, போக ஆசைப்பட்டதுமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்த என் அப்பா, ஒருநாள் ரேடியோவைக் கேட்டுவிட்டுத் தானும் துடுப்புப் போடப் போவதாகச் சொன்னார்.

ரேடியோவில் வந்த செய்தி இதுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரன், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட தம்பியின் நினைவாக, தனியாகத் துடுப்புப் போட்டு ஒரு பெருங்கடலைத் தாண்டியிருக்கிறான். சேர்ந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டான். கடலுக்கு நடுவில் யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

"அந்தத் தம்பி பேர ரேடியோவுல சொன்னாங்க புள்ள," என்றார். "ஒலகம் பூரா கேட்டிருக்கும்."

எங்கள் அம்மாவும் அந்தத் தம்பியைப் போலப் போனவர்தான். அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஏன் போனார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், ஆயாவாக இருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மா ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள். ஆனால் அப்படிச் செத்தவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் சாவு மேளமான தப்பு அடிக்க மாட்டார்கள். கருமாதி கிடையாது. மயானத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குக் கீழே புதைப்பார்கள். பேரைச் சொன்னால் அது இன்னொருவரைக் கூப்பிடும் என்று பயம், அதனால் பேரும் கிடையாது. அம்மாவைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் "ஒங்க வீட்டுல இருந்தவங்க" என்பார்கள். வாடகைக்கு இருந்துவிட்டுப் போனவர் மாதிரி.

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மாவுக்குத் தப்பு அடிக்க வேண்டும். மூன்று வருடமாகக் கோயில் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் மூன்று வருடமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகியது. தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகு ஒழுக்கும் அரசாங்கத்துடையது ஆகிவிட்டதால் யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் இறங்காமல் சைக்கிள் ஓட்டி, வசூலான காசில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்திருந்தான். அப்பா கமிட்டித் தலைவரிடம் போனார். நான் இறங்காமல் படகு விடுகிறேன், கூரைக்குத் தகரம் வாங்கலாம், கானுக்குக் கீழே இருப்பவர்கள் நினைவாக என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

"தகரம் சரிண்ணே," என்றார் தலைவர். "நினைவு வேணாம்."

"தப்பு?"

"சைக்கிளுக்கு அடிச்சாங்க. ஒங்களுக்கும் அடிக்கச் சொல்றேன்."

அப்பா சம்மதித்துவிட்டு வந்தார். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் அவர் இல்லை. அது எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியவில்லை.

பழைய வெள்ளைக்காரத் துரை மீன் பிடிக்க வைத்திருந்த படகு, பங்களாவுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதன் கீழே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை கடல் பயணம் தள்ளிப்போடப்பட்டது. துடுப்பும் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைத் தோட்டத்துத் தச்சர் செய்தார். அவரும் கடலைப் பார்க்காதவர் என்பதால் அது தோசை திருப்பி மாதிரி இருந்தது.

ஸ்டோருக்குத் தண்ணீர் போகும் சின்ன அணைதான் பெருங்கடல். அப்பா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்புப் போட்டார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. புதுத் துரை கடலோரத்துக் காலி ஊரில் பிறந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி உட்காரச் சொன்னார். போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டா போவது என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஆனாலும் துரை சொல்லைத் தட்ட முடியுமா, திரும்பி உட்கார்ந்தார். படகு போனது.

சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கியது. ஞாயிறு முழுக்கத் திருவிழாதான். பசறை டவுனிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்து பீடி, பிஸ்கட் கடை போட்டார். தப்புக்காரர்கள் முறை மாற்றி முறை அடித்தார்கள். அப்பா கரையை ஒட்டி வரும்போது சோற்றை உருட்டி வாயில் வைப்பேன். இறங்கக் கூடாது என்பது சட்டம். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தார் என்பதை எழுதப் போவதில்லை. தகரத்துக்குப் போதுமான வசூல் ஆகிவிட்டது, இறங்குங்கள் என்றார்கள். இன்னும் கொஞ்சம் என்றார்.

திங்கட்கிழமை காலை, தலைவரும் முறைக்கு நின்ற ஒரு தப்புக்காரரும் தவிர எல்லாரும் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறிவிட்டார்கள். நான் கங்காணியிடம் முறைப்பு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகாமல், அணைக்கு மேலே இருந்த எங்கள் லயத்து வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பேரை உரக்கக் கூப்பிட ஆரம்பித்தார். எல்லாம் கானுக்குக் கீழே கிடப்பவர்களின் பேர்.

"அண்ணே, நினைவு வேணாம்னு சொன்னேன்," என்று கரையிலிருந்து தலைவர் கத்தினார். அப்பா நடு அணையில் இருந்தார். தோட்டத்தில் படகு ஒன்றுதான்.

கடைசியாக அம்மா பேரைக் கூப்பிட்டார். அப்போது அடித்துக்கொண்டிருந்த தப்புக்காரரின் பிள்ளைகளும் அம்மாவின் தொட்டிலில் வளர்ந்தவர்கள். அவருடைய அடி மாறியது. திருவிழா அடி நின்று சாவு அடி விழுந்தது. தலைவர் அதட்டியதற்கு, "கை தானா மாறிப்போச்சுங்க," என்றாராம். மாறிய கையை அவர் திரும்ப மாற்றவும் இல்லை.

சாவு அடி கேட்டால் மலையில் இருக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கங்காணியும் தடுக்க மாட்டார். அணைப் பக்கமிருந்து சத்தம் வந்ததால் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான், படகு கவிழ்ந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பா போயிட்டாரா கண்ணு," என்றார்.

எனக்கும் உயிர் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். கீழே அப்பா துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப யாருக்கு அடிக்கிறாங்க?" என்றார் பெரியம்மா.

"எங்கம்மாவுக்கு," என்றேன்.

சாவு வீட்டு வாசலை மிதித்தவர்கள் உட்கார்ந்து அழாமல் திரும்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. சிலர் மலையைப் பார்த்தார்கள். அம்மா செத்த அன்று, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று என் வாயைப் பொத்திப் பிடித்தது இதே பெரியம்மாதான். அவர் மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணிச் சாக்கை அவிழ்த்துத் தரையில் போட்டு உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு அம்மா பேரைச் சொல்லி ஒப்பாரியை எடுத்தார்.