ஒரே ஓர் ஆண் மீன்

என் ஆய்வு மாணவி ஒருத்தி கண்டுபிடித்த மீனை நான் சேதப்படுத்தினேன். அதை மறைத்து, அவள் கண்டதே தவறு என்றும் சொன்னேன்.

பவளப்பாறை இடுக்குகளில் வாழும் விரல் நீள மீன்கள் அவை. முட்டையிடாமல் குட்டி போடுபவை. வெளியே பார்த்தால் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் மீனின் அடிவயிற்றில், தோல் மடிப்புக்குள், இணைசேரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் சிறு தகடுகள் உண்டு. இனத்தைப் பிரிக்க அவற்றின் வடிவத்தைத்தான் நம்பியிருந்தோம். கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்து, வேலைக்காலம் முழுவதும் அந்த மடிப்புகளைத்தான் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கொண்டுவந்த மீன்களில் ஒன்றுதான் ஆண். வலது தகடு கொக்கிபோல வளைந்திருக்கிறது, இது புது இனம் என்றாள். மைக்ராஸ்கோப் கேமரா பழுதாகிக் கிடந்ததால் கையால் வரைந்திருந்தாள். அவள் சாப்பிடப் போன நேரம், அவசரம் தாங்காமல் நானே மடிப்பைத் தூக்கினேன். கொக்கி இருந்தது. என் ஃபோர்செப்ஸ் இடுக்கி பட்டு அது முறிந்து, மீன் கிடந்த ஸ்பிரிட்டில் விழுந்தது. தேடியும் கிடைக்கவில்லை. மீனைப் புட்டியில் போட்டு மூடினேன்.

அவளுடைய பட்டத்தை முடிவு செய்யும் ஆய்வுக் குழு பார்த்தபோது தகடு மொட்டையாக இருந்தது. அவள் தன் வரைபடத்தை நீட்டினாள்.

"ஆசைப்பட்டதை வரைஞ்சிட்டியாம்மா?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். அவள் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய பட்டம் அந்த மீனை நம்பியிருந்தது. படிப்பை விட்டுவிட்டு ஹெப்பகோடியில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டுக் குழு ஒன்று வேறொரு கடலில் அதே மீனைப் பிடித்துப் பெயரிட்டது. கட்டுரையில் இருந்த படம் அவள் வரைந்ததை அப்படியே ஒத்திருந்தது. லிங்கராஜபுரத்தில் அவள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் சார் உடைஞ்சது?"

"வலது."

"அப்ப நான் பார்த்தது சரிதான்."

பிறகு, "இன்னிக்கும் எதையும் இன்னொருத்தருக்குக் காட்டிட்டுதான் சார் கையெழுத்து போடறேன். ஆபீஸ்ல எனக்கு 'செகண்ட் ஒபினியன் மேடம்'னு பேரு" என்றாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

உண்மையை எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுங்க, ஆனா எனக்காகன்னு எழுதாதீங்க என்றாள்.

எழுதினேன். அன்றைய ஆய்வுக் குழு கலைந்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நிறுவனம் பதில் அனுப்பியது. ஓர் ஆய்விதழ் நான் தவறை ஒப்புக்கொண்டதைச் சில வரிகளில் வெளியிட்டது. முதலில் அச்சான பெயரே நிற்கும் என்பது விதி. மீனின் வரலாற்றில் அவள் எங்கும் இல்லை. நான் பெயரிட்ட மீன்களை இப்போது இளைஞர்கள் ஒவ்வொன்றாக மறுபடி பரிசோதிக்கிறார்கள். அது நியாயம்தான்.

அந்த வரிகளை அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "பார்த்தேன் சார். இனிமே கூப்பிடாதீங்க."

நான் கூப்பிடவில்லை.